புலப்படாத அழற்சி: குடல் எரிச்சல் நோய் குறித்த மருத்துவச் சிந்தனையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குடல் எரிச்சல் நோய் நெடுங்காலம் உடற்கூற்று அடிப்படை அற்ற நோயாகவே வகைப்படுத்தப்பட்டு வந்தது. குடலில் அழற்சி காணப்பட்டால் அது வேறு நோய். காணப்படாவிட்டால் நரம்பின் அல்லது மனத்தின் கோளாறு என்னும் பகுப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்று இருபதாம் நூற்றாண்டு முழுவதும் செல்வாக்குடன் விளங்கியது. சீதபேதிக்குப் பின் இந்நோய் தொடங்குவதற்கான சான்றுகள் 1950, 1962 ஆகிய ஆண்டுகளிலேயே வெளிவந்தும் அவை முப்பதாண்டுக்கு மேலாக ஆய்வுப் பொருளாக வளராமைக்கும், பின்னர் நுண்ணிய அழற்சி கண்டறியப்பட்டபோது அழற்சியடக்கி மருந்துகள் பயனளிக்காமைக்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடல் எரிச்சல் நோய், அழற்சி, நோயெதிர்ப்பு மண்டலம், மாஸ்ட் செல், சீதபேதி, மருத்துவ வரலாறு

1. பெயரும் பொருளும்

அழற்சியின் அடையாளங்களாகச் சிவத்தல், வீங்குதல், வெப்பம், வலி என்னும் நான்கினை உரோமானிய நூலாசிரியர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டில் வரையறுத்தார். இவற்றுள் வலி ஒன்றே நோயாளிக்கு மட்டும் தெரிவது. ஏனைய மூன்றும் மருத்துவரின் கண்ணுக்கோ கைக்கோ புலப்படுபவை. உடலின் உட்பகுதிகளைக் காணும் கருவிகள் தோன்றிய பின்னரும் இவ்வரையறையின் உள்ளியல்பு மாறவில்லை. காண்பவர் கண்ணுக்குப் புலப்படுவதே அழற்சி எனப்பட்டது.

ஆங்கிலத்தில் ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ எனப்படும் நோய் தமிழில் ‘குடல் எரிச்சல் நோய்’ என வழங்குகிறது. இப்பெயர்ப்பில் ஒரு பொருள் மாற்றம் நிகழ்ந்துள்ளது. ‘இரிட்டபிலிட்டி’ என்பது சுவிஸ் உடலியலாளர் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர் 1752இல் நிலைபெறச் செய்த கலைச்சொல். தூண்டப்பட்டால் சுருங்கும் தசையின் இயல்பையே அது குறித்தது. எரிதலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் அச்சொல்லைப் பல உறுப்புகளுக்கு அடையாக்கினர். எளிதில் தூண்டப்படுகிறது, ஆனால் அறுத்துப் பார்த்தால் பழுதில்லை என்பதே அவர்கள் கருதிய பொருள். தமிழிலோ ‘அழற்சி’ அழலிலிருந்து பிறந்த சொல். ‘எரிச்சல்’ எரியிலிருந்து பிறந்தது. ஆகவே ‘குடல் எரிச்சல்’ எனக் கேட்கும் தமிழ் நோயாளி தம் குடலில் ஏதோ எரிகிறது என்றே புரிந்துகொள்வார். ஆங்கிலப் பெயர் மறுத்ததைத் தமிழ்ப் பெயர் ஏற்கிறது. மொழிபெயர்ப்பு நோக்கில் இது பிழையே. எனினும் கடந்த முப்பதாண்டு ஆய்வுகள் ஆங்கிலப் பெயரைவிடத் தமிழ்ப் பெயருக்கே அணுக்கமாக வந்துள்ளன என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண்களுள் ஒன்று.

2. சீதமும் நரம்பும்

இங்கிலாந்தில் ரிச்சர்ட் பவெல் 1818இல் விவரித்த வலிமிகு குடற்கோளாறும், 1830இல் ஜான் ஹவ்ஷிப் எழுதிய பெருங்குடல் இசிவும், ஒரே நோயாளிக்கு மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் மாறிமாறி வருவதை 1849இல் வியப்புடன் பதிவுசெய்த வில்லியம் கம்மிங்கின் கட்டுரையும் இந்நோயின் தொடக்கக்கால ஆவணங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவர்கள் காலத்தில் குடல் நோய்களுக்கிடையே தெளிவான எல்லைகள் இல்லை. 1859இல் சாமுவேல் வில்க்ஸ் பெருங்குடல் புண் அழற்சியைத் தனி நோயாக அடையாளங்காட்டிய பின்னரே, புண்ணுள்ள குடல், புண்ணில்லாத குடல் என்னும் இருமை வலுப்பெற்றது. புண்ணுள்ளது நோயியலாளரிடம் சென்றது. புண்ணில்லாதது எவரிடம் செல்வது என்பதில்தான் சிக்கல் எழுந்தது.

அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் மென்டிஸ் டா கோஸ்டா 1871இல் சவ்வுபோன்ற சீதம் வெளியேறும் குடல் நோயைப் பற்றி விரிவாக எழுதினார. அதே ஆண்டில் அதே இதழில்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர்வீரர்களிடம் கண்ட ‘எரிச்சல் இதயம்’ பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையும் வெளியாயிற்று. பழுது தென்படாத இதயம், பழுது தென்படாத குடல் ஆகிய இரண்டையும் ஒரே மருத்துவர் ஒரே காலத்தில் ஆராய்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் போர்க்களத்தில் வீரர்கள் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆளானதை இதய நோயின் முன்வரலாற்றில் அவர் கருத்திற்கொண்டார் என்பது பின்னர் வரவிருந்த விவாதத்தோடு ஒப்பிடத்தக்கது.

1892இல் வில்லியம் ஆஸ்லர் தம் மருத்துவப் பாடநூலில் ‘சீதப் பெருங்குடல் அழற்சி’ என்னும் பெயரை வழங்கினார். பெயரில் அழற்சி இருந்தது. விளக்கத்தில் அதற்கு முதலிடம் இல்லை. நோயாளிகளுட் பலர் ஹிஸ்டீரியா, மனச்சோர்வு முதலிய இயல்புகள் உடையோர் என்ற அவருடைய கருத்தே அடுத்த தலைமுறையினர் மனத்தில் பதிந்தது. 1928இல் ஃபிலடெல்ஃபியாவில் பாக்கஸும் உடனாய்வாளர்களும் ‘நரம்புவழி’ என்னும் அடையைச் சேர்த்தனர். 1929இல் ஜோர்டனும் கீஃபரும் ‘எரிச்சல் பெருங்குடல்’ எனப் பெயரிட்டனர். 1944இல் பீட்டர்ஸ், பார்ஜன் ஆகியோர் கட்டுரையில் இன்றைய பெயர் இடம்பெற்றது. அழற்சி என்னும் சொல் ஐம்பதாண்டுகளுக்குள் நோயின் பெயரிலிருந்து முற்றாக நீங்கிவிட்டது.

இப்போக்கின் உச்சமாக நியூயார்க்கில் தாமஸ் ஆல்மி நிகழ்த்திய சோதனைகளைக் கூறலாம். 1949இல் வெளியான கட்டுரையில் அவர் விவரித்த ஒரு நிகழ்ச்சி பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. நலமுடன் இருந்த மருத்துவ மாணவர் ஒருவர் குடல்நோக்கிச் சோதனைக்கு உட்பட்டார். சோதனையின் இடையில், அவருக்குப் புற்றுநோய் இருப்பதாக அவர் நம்பும்படி செய்யப்பட்டது. பெருங்குடலின் சுவர் சிவந்து இறுகச் சுருங்கியது. எல்லாம் நாடகம் எனக் கூறியதும் இயல்புநிலைக்குத் திரும்பியது. இன்று எந்த அறநெறிக் குழுவும் இத்தகைய சோதனைக்கு இசைவளிக்காது.

ஆல்மியின் சோதனை எதை நிறுவியது என்பதைத் துல்லியமாகப் பிரித்தறிய வேண்டும். அச்சம் எந்த மனிதரின் குடலையும் சுருங்கச் செய்யும் என்பதை அது ஐயமற நிறுவியது. மாதக்கணக்கில் வலியுறும் நோயாளியின் குடல் அச்சத்தினாலேயே அவ்வாறாயிற்று என்பதை அது நிறுவவில்லை; நிறுவவும் இயலாது, ஏனெனில் சோதிக்கப்பட்டவர் நோயாளியே அல்லர். ஆயினும் மருத்துவ உலகம் முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தயக்கமின்றித் தாவியது. இத்தாவலின் விலையைச் செலுத்தியவர்கள் நோயாளிகள், குறிப்பாகப் பெண்கள். வலிக்கிறது என்று வந்தவரிடம், சோதனையில் ஒன்றுமில்லை எனக் கூறும் கூற்று, உமக்கு ஒன்றுமில்லை எனக் கூறும் கூற்றாக மாறியது.

3. கவனம் பெறாத சான்றுகள்

ஆல்மியின் கட்டுரை வெளியான மறு ஆண்டே, 1950இல், பிரித்தானிய மருத்துவ இதழில் ஸ்டூவர்ட் என்பவர் ‘சீதபேதிக்குப் பிந்திய பெருங்குடல் அழற்சி’ பற்றி எழுதினார். இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சீதபேதி ஏராளமானோரின் குடலைத் தாக்கியிருந்தது. கிருமி நீங்கிய பின்னரும் சிலருக்கு வயிறு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதைவிட வலுவான சான்று 1962இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. சௌத்ரி, ட்ரூலவ் ஆகிய இருவரும் 130 நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இத்துறையின் செவ்வியல் ஆவணம். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர், தம் நோய் சீதபேதியைத் தொடர்ந்தே தொடங்கியது எனக் கூறினர். அத்தகையோரின் நோய் பிறருடையதைவிட எளிதில் தணிந்தது என்பதும், மன அழுத்தக் காரணிகள் பலரிடம் காணப்பட்டன என்பதும் அக்கட்டுரையில் ஒருங்கே இடம்பெற்றுள்ளன. ட்ரூலவ் அழற்சியை அறியாதவர் அல்லர். பெருங்குடல் புண் அழற்சிக்குக் கார்ட்டிசோன் பயனளிக்கும் என்பதை 1955இல் முறையான சோதனையின்வழி விட்ஸுடன் சேர்ந்து நிறுவியவர் அவரே. அழற்சியுள்ள குடல், அழற்சியில்லாத குடல் ஆகிய இரண்டையும் அக்காலத்தில் நன்கறிந்திருந்த சிலருள் அவர் ஒருவர்.

அதே 1962இல் அமெரிக்காவில் ஹையட், காட்ஸ் ஆகியோர் குடலின் பல்வேறு அழற்சி நிலைகளில் மாஸ்ட் செல்களை எண்ணினர். இசிவுப் பெருங்குடல் என நோய்ப்பெயர் பெற்ற 4 பேரின் குடல் தசையடுக்கில் இச்செல்கள் மிகுந்திருந்தன. மாஸ்ட் செல் என்பது ஹிஸ்டமின் முதலிய பொருள்களைத் துகள்களாகச் சேமித்து வைத்து, தூண்டப்பட்டவுடன் வெளியிடும் நோயெதிர்ப்புச் செல். 1878இல் பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டிலேயே இதனை விவரித்துப் பெயரிட்டிருந்தார். அனிலின் வகைச் சாயங்களில் இச்செல்லின் துகள்கள் தனி நிறம் கொள்ளும். மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்படும் ஹீமடாக்சிலின்-இயோசின் சாயத்தில் இதனை வேறுபடுத்திக் காண்பது கடினம். ஆகவே நோயியலாளர் ‘இயல்பானது’ என எழுதிய திசு மாதிரி உண்மையில் இயல்பானதா, அன்றிச் சாயம் காட்டாததா என்னும் வினா அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை. சௌத்ரி-ட்ரூலவ் கட்டுரை ஓயாமல் மேற்கோளாகக் காட்டப்பட்டதேயன்றி, சீதபேதி பற்றிய அதன் பகுதி ஓர் ஆய்வுத் திட்டமாக வளரவில்லை. ஹையட்-காட்ஸ் கட்டுரை அந்த அளவு கவனமும் பெறவில்லை. நான்கு நோயாளிகள் என்னும் சிற்றெண்ணிக்கை ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் வரையறையில் உள்ளது. 1978இல் மேனிங்கும் உடனாய்வாளர்களும் நோய்க்குறிகளைக் கொண்டே இந்நோயை அறுதியிடும் அளவைகளை வகுத்தனர். 1980களின் இறுதியில் உரோம் நகரில் கூடிய வல்லுநர் குழுக்கள் அவற்றை விரிவாக்கின. தேவையற்ற சோதனைகளிலிருந்து நோயாளிகளைக் காப்பது இவற்றின் பயன். அதனைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால் 1999இல் வெளியான இரண்டாம் உரோம் அளவை, கட்டமைப்பு அல்லது உயிர்வேதியியல் மாற்றம் எதுவும் இந்நோய்க்கு விளக்கமாக இருத்தலாகாது என வரையறையிலேயே கூறியது. இது வட்டத் தருக்கம். மாற்றம் காணப்பட்டால் அந்நோயாளி இந்நோயாளி அல்லர். ஆகவே இந்நோயாளிகளிடம் மாற்றம் காணப்படுவதில்லை.

4. ஷெஃபீல்டு முதல் வாக்கர்ட்டன் வரை

வட்டத்தை உடைத்தவை நோய்க்கு முன்னரே தொடங்கிய ஆய்வுகள். நாட்பட்ட நோயாளியிடம் பழைய நினைவைக் கேட்பதற்கு மாறாக, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கண்காணித்தால் யார் நோயாளி ஆகிறார் என்பதை நேரடியாகக் காணலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் க்வீ, ரீட், காலின்ஸ் உள்ளிட்டோர் இம்முறையை மேற்கொண்டனர். 1999இல் வெளியான கட்டுரையில் 94 பேருள் 22 பேருக்கு மூன்று மாதங்களுக்குப் பின்னும் குடல் எரிச்சல் நோய்க்குறிகள் இருந்தன. அவர்களின் மலக்குடல் சளிப்படலத்தில் நாட்பட்ட அழற்சிச் செல்கள், முழுமையாகக் குணமடைந்தோரைவிட மிகுந்திருந்தன. அதே 22 பேரிடம் வாழ்க்கை நெருக்கடிகளும் நோய் பற்றிய கவலையும் மிகுந்திருந்தன. மனமா, குடலா என நூறாண்டாகக் கேட்கப்பட்ட வினாவுக்கு இரண்டும் என்னும் விடை ஒரே அட்டவணையில் கிடைத்தது. அதன்பின் 2000இல் நாட்டிங்ஹாமில் ஸ்பில்லர் குழுவினர், கேம்பிலோபாக்டர் தொற்றுக்குப் பின் டி-நிணவணுக்களும் செரோட்டோனின் சுரக்கும் செல்களும் மிகுவதையும் குடற்சுவரின் ஊடுருவுதிறன் கூடுவதையும் காட்டினர். 2002இல் ஸ்வீடனில் 10 நோயாளிகளின் சிறுகுடல் சுவரை முழு ஆழத்திற்கு எடுத்து ஆராய்ந்தபோது, 9 பேரின் தசையடுக்கு நரம்புப் பின்னலில் நிணவணுக்கள் புகுந்திருந்தன. வழக்கமான திசு மாதிரி எட்டாத ஆழம் அது.

இவை அனைத்தும் சிறு ஆய்வுகள். பெருந்திரளான சான்றினைத் தந்தது ஒரு பேரிடர். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த சிற்றூர் வாக்கர்ட்டன். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் கால்நடைச் சாணக் கழிவு குடிநீர்க் கிணற்றில் கலந்தது. குளோரின் கலப்பதிலும் கண்காணிப்பதிலும் குறை இருந்தது. ஈ.கோலை ஓ157, கேம்பிலோபாக்டர் ஆகிய கிருமிகளால் 2,300க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். ஊர்மக்களின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவுசெய்ய அரசு ஏற்பாடு செய்தது. மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் குழுவினர், முன்பு குடல் எரிச்சல் நோய் இல்லாத 2,069 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். தொற்றுக்கு ஆளாகாதவர்களுள் 10.1 விழுக்காட்டினருக்கும், ஆளானதாகத் தாமே கூறியவர்களுள் 27.5 விழுக்காட்டினருக்கும், மருத்துவச் சான்றுடன் ஆளானவர்களுள் 36.2 விழுக்காட்டினருக்கும் இந்நோய் காணப்பட்டது. எட்டாண்டுகளுக்குப் பின் தொற்றுற்றோரிடையே இவ்வளவு 15.4 விழுக்காடாகக் குறைந்திருந்தது. ஒரே ஊர், ஒரே நீர், ஒரே வாரங்கள். தொற்று வலுத்த அளவுக்கு நோயும் வலுத்தது. இந்த ஏறுவரிசையை மனநிலை ஒன்றினால் மட்டும் விளக்குவது அரிது.

5. பயனளிக்காத மருந்து

அழற்சி உண்டென்றால் அழற்சியடக்கி பயனளிக்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஸ்பில்லருடன் பணியாற்றிய டன்லப், தொற்றுக்குப் பின் நோயுற்ற 29 பேரை இருமறைவு ஆய்வுக்கு உட்படுத்தினார். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மூன்று வாரங்களுக்குத் தரப்பட்டது. மறுபிரிவினருக்கு வெற்று மாத்திரை. 2003இல் வெளியான முடிவு: நிணவணுக்களின் எண்ணிக்கை குறைந்தது, வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் குறையவில்லை. 1955இல் புண் அழற்சியில் ஸ்டீராய்டு பெற்ற வெற்றி இங்கு மீளவில்லை. பின்னர் மெசலசீன் மருந்தினைக் கொண்டு இங்கிலாந்தில் 136 பேரிடமும் இத்தாலியில் 185 பேரிடமும் நடந்த பெரிய ஆய்வுகளும் தம் முதன்மை இலக்கை எட்டவில்லை.

இத்தோல்விகளை அழற்சிக் கருதுகோளின் வீழ்ச்சியாகக் கொண்டோரும் உண்டு. அது அவசர முடிபு. செல்களின் எண்ணிக்கை குறைந்தும் நோய் குறையவில்லை என்றால், எண்ணிக்கை நோயின் அளவுகோல் அன்று என்பதே நேரடியாகப் பெறப்படுவது. இக்கோணத்தில் நோக்கினால் 2003ஆம் ஆண்டின் சிறிய, தோற்ற ஆய்வு, வென்ற பல ஆய்வுகளைவிட மிகுதியாகக் கற்பித்தது எனலாம். செல்சஸ் காலம் முதல் அழற்சி என்பது படையெடுப்பாகவே உருவகிக்கப்பட்டு வந்தது: எத்தனை செல்கள் திரண்டன, எத்தனை திசு அழிந்தது. இந்நோயில் கேட்க வேண்டிய வினா வேறு. செல்கள் எங்கு நிற்கின்றன? யாரிடம் பேசுகின்றன?

6. செல்லும் நரம்பும்

அவ்வினாவுக்கான விடையின் ஒரு பகுதி கனடாவில் எலிகளிடம் முன்பே கிடைத்திருந்தது. 1997இல் பார்பரா, வாலன்ஸ், காலின்ஸ் ஆகியோர் டிரைக்கினெல்லா புழுத்தொற்றுக்கு ஆட்பட்ட எலிகளில், அழற்சி முற்றும் அடங்கிய பின்னரும் குடல் தசை மிகையாகச் சுருங்குவதைக் கண்டனர். நெருப்பு அணைந்தும் கல் சுடுவது போன்ற நிலை அது. பின்னர் இத்தாலியின் பொலோனியாவில் பார்பரா தம் குழுவினருடன் மனிதக் குடலை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. மாஸ்ட் செல்களை எண்ணியதோடு அமையாமல், நரம்பிழைக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள தொலைவை அவர்கள் அளந்தனர். நரம்பினை ஒட்டி நின்ற மாஸ்ட் செல்கள் மிகுந்த நோயாளிக்கே வயிற்றுவலியும் கடுமையாகவும் அடிக்கடியும் வந்தது. அச்செல்கள் வெளியிடும் பொருள்கள் எலியின் வலியுணர் நரம்புகளைக் கிளர்ச்சியுறச் செய்வதை 2007இல் அதே குழுவினர் காட்டினர். எல்லா ஆய்வகங்களும் ஒரே அளவு மாஸ்ட் செல் மிகுதியைக் காணவில்லை என்பதையும் இங்குச் சுட்ட வேண்டும். திசு எடுக்கும் இடமும் எண்ணும் முறையும் வேறுபடுவதால் முடிவுகளும் வேறுபடுகின்றன.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் பூக்ஸ்டான்ஸ் குழுவினர் இத்தொடர்பின் வேதியியலை விளக்கினர். மாஸ்ட் செல் வெளியிடும் ஹிஸ்டமின், நரம்பின் எச்1 ஏற்பியில் படிந்து டிஆர்பிவி1 என்னும் மற்றோர் ஏற்பியை மிகையுணர்வுடையதாக்குகிறது. மிளகாயின் காரத்தையும் சுடுவெப்பத்தையும் உணர்வது இவ்வேற்பியே. ஆகவே நோயாளியின் குடல் நரம்பு, பிறருக்கு உறைக்காத தூண்டலையும் வலியாக உணர்கிறது. தமிழில் எரிச்சல் என்னும் சொல் இதற்கு எத்துணை பொருந்துகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. எச்1 ஏற்பியைத் தடுக்கும் எபாஸ்டின் என்னும் ஒவ்வாமை மருந்து, 2016இல் வெளியான 55 பேர் கொண்ட ஆய்வில் வெற்று மாத்திரையைவிட வலியைத் தணித்தது. அண்மையில் ஏறத்தாழ 200 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் பயன் இருந்தும் அது சிறியதாகவே இருந்தது.

உணவுக்குப் பின் வலி வருவதேன் என்னும் வினாவுக்கு அதே குழுவினர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் விடை கூற முயன்றனர். குடல் தொற்றின்போது முட்டைப் புரதம் ஊட்டப்பட்ட எலிகள், தொற்று நீங்கிய பின் அப்புரதத்தை மீண்டும் உண்டபோது வலியுணர்வு மிகுந்தது. தொற்றுக் காலத்தில் குடலுக்குள் இருந்த உணவையும் நோயெதிர்ப்பு மண்டலம் பகையெனக் குறித்துக்கொள்கிறது. அதற்கெதிராகக் குடலில் மட்டும் எதிர்ப்புப்பொருள் உருவாகிறது. குருதியில் அது தென்படாததால் வழக்கமான ஒவ்வாமைச் சோதனை இயல்பு எனக் காட்டும். பின்னர் 12 நோயாளிகளின் மலக்குடற் சுவரில் கோதுமை, குளூட்டன், சோயா, பால் ஆகியவற்றின் சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்டது. அனைவருக்கும் ஏதேனும் ஒன்றிலாவது எதிர்வினை தோன்றியது. நலமுள்ள 8 பேருள் இருவருக்கே தோன்றியது. 12 என்பது சிற்றெண்ணிக்கை. ஹையட், காட்ஸ் ஆகியோரின் 4 பேரும் அவ்வாறே.

இன்று மருத்துவமனைகளில் குடல் அழற்சியை விலக்க மலத்தில் கால்புரோடெக்டின் அளவு சோதிக்கப்படுகிறது. இப்புரதம் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுவிலிருந்து வருவது. புண் அழற்சியில் குடலுக்குள் திரள்வன நியூட்ரோஃபில்களே. ஆகவே அந்நோயை விலக்க இச்சோதனை மிகச் சிறந்தது. நரம்பருகே நிற்கும் மாஸ்ட் செல்லைப் பற்றி அது எதுவும் கூறாது. மாஸ்ட் செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்கும் சோதனையோ இன்னும் ஆய்வகத்தைவிட்டு வெளியே வரவில்லை. கால்புரோடெக்டின் இயல்பான அளவில் இருப்பதாக அறிக்கை பெறும் நோயாளிக்கு, எந்த அழற்சி இல்லை என்பதைப் பெயர்சுட்டிக் கூறுவதற்கு இவ்வளவு அறிவே போதுமானது.